கட்டிங் மாஸ்டர் தோசையில் இரண்டு கரண்டி மைதா

கோதுமை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன ஒருவருக்கு, அவர் அறியாமல், தோசை மாவில் மைதா கலந்து ஊற்றச் சொன்னவன் நான். அதனால் அவர் உடம்பு கெட்டு, கைவேலை கெட்டு, முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றபோது, "கவனக்குறைவுங்க" என்று பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவனும் நான்தான். பனியன் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். சாயத்தின் ஷேட் மேட்சிங் பற்றியும் துணி சுருங்கும் ஷ்ரிங்கேஜ் பற்றியும் வேறு யாரும் சொல்லித் தருவார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

1. கழுத்தில் தொங்கிய டோக்கன்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முடிந்து, ஆர்டர்கள் திருப்பூருக்குள் வெள்ளம் மாதிரி வந்துகொண்டிருந்த காலம். காங்கயம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தேன். வேதியியல் படித்தவன். படித்தவன் என்ற மிதப்பும் உண்டு.

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது லேபிள் பார்ப்பது. சட்டையின் கழுத்தில் தைக்கும் காம்போசிஷன் லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று போட்டிருந்தால் உள்ளேயும் அதுதான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் துணியிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்துவேன். காகிதம் எரிகிற வாசம் வந்தால் பருத்தி. உருகிச் சொட்டினால் பாலியெஸ்டர். சப்ளையர்கள் என்னைக் கண்டால் தீப்பெட்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள். "எழுதினது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணுன்னா எங்கிட்ட நடக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

சேவியர் எங்கள் கட்டிங் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மனைவியோடு பிழைக்க வந்தவர். முப்பதைத் தாண்டாத வயது. நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் பேப்பரை வைத்து, கத்தி மெஷினால் ஒரே மூச்சில் வெட்டுவது கட்டிங். அடுக்கி வைத்த அந்தத் துணியை லே என்போம். கோடு போட்ட துணி என்றால் மேல் அடுக்கின் கோடும் அடி அடுக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு விலாப்பக்கத்தில் கோடு ஏறி இறங்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் திருப்பி அனுப்பிவிடுவான். சேவியர் போட்ட லேயில் அந்தப் பேச்சே வராது. உள்ளங்கையால் துணியை ஒரு தடவு தடவுவார், கோடு சொன்னபடி கேட்கும்.

ஆனால் வயிறு சொன்னபடி கேட்காது. அதுதான் பிரச்சினை.

கட்டிங் செக்‌ஷனில் பாத்ரூம் போவதற்கு ஒரு டோக்கன் வைத்திருந்தோம். கயிறு கட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் அட்டை. அதை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டினால்தான் அடுத்த ஆள் போகலாம். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். நல்லது செய்ததாக அப்போது நினைத்திருந்தேன். அந்த டோக்கன் ஆணியில் தொங்கிய நேரத்தைவிடச் சேவியர் கழுத்தில் தொங்கிய நேரம் அதிகம். நான் அவருக்கு 'டோக்கன் மாஸ்டர்' என்று பெயர் வைத்தேன். பெயர் உடனே பிடித்துக்கொண்டது. அவர் வேகமாக நடந்து போனால் யாராவது, "மாலையும் கழுத்துமா மாப்பிள்ளை கெளம்பிட்டாருங்கோ" என்பார்கள். தொடங்கி வைத்தவன் நான் என்பதால் எல்லாருக்கும் தைரியம்.

ஆள் வேறு இளைத்துக்கொண்டே போனார். "தண்ணி போடறானாட்ட இருக்குது" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் சொட்டுகூடத் தொடாதவர்.

சாயங்கால டீக்கு பன் வரும். செவ்வாய்க்கிழமை காலையில் கேன்டீனில் கோதுமை உப்புமா. சேவியர் இரண்டையும் தொடமாட்டார். ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன்:

"ஏனுங் சேவியரு, தெக்கத்தி ஆளு, புரோட்டா கூட வேண்டாங்கறீங்களாமா? ஊருல போய்ச் சொன்னா உங்களச் சேத்துக்குவாங்களா?"

"எனக்குப் புரோட்டாவப் பிடிக்கும் சார். புரோட்டாவுக்குத்தான் என்னையப் பிடிக்கல."

"டாக்டரு சொன்னாரா?"

"டாக்டரு அமீபான்னு மாத்திரை தந்தாரு. பக்கத்து வீட்டு ஆச்சி, தின்னது உள்ள சிக்கியிருக்கு, தொக்கம்னு ஊதி எடுத்தாவ. ஒண்ணும் நிக்கல. நானா ஒண்ணொண்ணா நிப்பாட்டிப் பாத்தேன். கோதும, மைதா தின்னா அடுத்த நாளு வயிறு பிரட்டுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும் சார்."

வட இந்தியா முழுவதும் கோதுமை தின்று ஆரோக்கியமாக இருக்கிறது, எங்கள் யூனிட்டிலேயே பீகாரிலிருந்து வந்த பையன்கள் சப்பாத்தியை அடுக்கி வைத்துத் தின்கிறார்கள், இவருக்கு மட்டும் என்ன? மனசுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். முடிவு கட்டியவன் சும்மா இருந்திருக்கலாம். நிரூபிக்கவும் ஆசைப்பட்டேன்.

2. சோதனை

கேன்டீனைப் பார்த்துக்கொண்டது சரசக்கா. குன்னத்தூர்க்காரர். பெரிய பாத்திரத்து தோசை மாவில் முறுகலாக வரட்டும் என்று கொஞ்சம் மைதா சேர்ப்பார். சேவியருக்கு மட்டும் தனியாக ஒரு தூக்குப்போசியில் மைதா சேராத மாவு வைத்திருப்பார். சேவியர் தினமும் தட்டை நீட்டும்போது, "அக்கா, கலக்கலியே?" என்பார். "இல்லீங் தம்பி, தின்னுங்க" என்பார் அக்கா. காலை வணக்கம் மாதிரி அது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தத் தனி மாவு வந்த பிறகு டோக்கனுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருந்தது.

அந்தத் தூக்குப்போசியைத்தான் நான் குறிவைத்தேன்.

"அக்கா, நாளையிலிருந்து அதுல ரெண்டு கரண்டி மைதா கலக்குங்க."

"ஏனுங் சார், அந்தத் தம்பி போசியிலீங்களா?"

"ஒரு டெஸ்ட்டுங்க அக்கா. தெரியாமக் குடுத்தாத்தான் நெசம் வயித்துலயா மனசுலயான்னு தெரியும்."

"பாவமுங்க சார். அது தினமும் கேட்டுட்டுத் திங்குது. 'கலக்கலியே'ன்னா நானு என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. சிரிங்க, போதும்."

"சிரிச்சா அது பொய்யில்லீங்களா?"

"வாயில வந்தாத்தானுங்க பொய்யி" என்றேன். படித்தவன் அல்லவா.

கேன்டீன் என் பொறுப்பில் இருந்தது. அக்காவால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் கேட்டேன்.

மறுநாள் தூணோரமாக நின்று பார்த்தேன். சேவியர் தட்டை நீட்டினார். "அக்கா, கலக்கலியே?" அக்கா சிரித்தார். அவ்வளவு அழுத சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேவியர் மூன்று தோசை சாப்பிட்டார். அன்று முழுவதும் டோக்கன் பக்கமே அதிகம் போகவில்லை. எனக்கு ஒரே குஷி. முதலாளி அறைக்குப் போய், "நம்ம டோக்கன் மாஸ்டரு மைதா தோசை தின்னுட்டு ஜம்முன்னு நிக்கறாருங்க. வயிறில்லீங்க, மனசு" என்று அறிக்கை வாசித்தேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஒரு துணியைத் துவைத்துப் பார்க்காமல் சாயம் போகாது என்று சொல்லும் கத்துக்குட்டியை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! பத்துத் துவைப்புக்குப் பிறகுதான் சாயம் பேசும் என்பது என் சொந்த வாக்கியம். மனித வயிற்றுக்கு மட்டும் ஒரு துவைப்பிலேயே ரிசல்ட் எழுதிவிட்டேன். முடிவு தெரிந்துவிட்டதால் சோதனையை நிறுத்தவாவது செய்திருக்கலாம். "இன்னும் நாலு நாளு போகட்டுமுங்க அக்கா, உறுதியாயிரும்" என்றேன்.

3. கோணிய கோடு

அந்த வாரக் கடைசியில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி மேசைக்கு வந்தது. அவசர ஷிப்மென்ட். சேவியர் காலையிலேயே முகம் வெளுத்து வந்தார். லே பாதி ஏறுவதற்குள் டோக்கன் பலமுறை அவர் கழுத்துக்கு ஏறி இறங்கிவிட்டது. அவர் இல்லாத இடைவெளிகளில் ஹெல்பர்கள் துணியை விரித்தார்கள். அவர் திரும்பி வந்து தடவிச் சரிசெய்வார், மறுபடி ஓடுவார். வெட்டி முடித்துப் பீஸை ஜோடி சேர்த்தபோது கோடுகள் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கி நின்றன. ஒரு முழு லே வீண்.

முதலாளி மேசைக்கே வந்துவிட்டார். கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும்.

"ஏனுங் மாஸ்டர், இது சட்டைங்களா, இல்ல ரோட்டுல போடற வேகத்தடைங்களா?"

சேவியர் தலையைக் குனிந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "வேலுச்சாமி சார், நீங்க சொல்லுங்க. என்ன காரணமுங்க இதுக்கு?"

காரணம் என் வாய்க்குள்ளேயே இருந்தது. "கவனக்குறைவுங்க" என்றேன்.

"இதான் கடைசிங்க மாஸ்டர். இன்னொரு லே இப்படிப் போச்சுன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க. அட்டப்பெட்டிக்குக் கோடு கெடையாது."

கத்தி மெஷின் பிடித்த கையைப் பேக்கிங்கில் டேப் ஒட்டவிடுவது என்றால் என்ன என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு எந்தக் கம்பெனியிலும் கட்டிங் மாஸ்டர் என்று போய் நிற்க முடியாது. திருப்பூர் பெரிய ஊர்தான், ஆனால் கட்டிங் மேசைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

மதியம் கை கழுவும் இடத்தில் சேவியர் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் எழ முயன்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. என்னத்தச் சாப்புட்டீங்க?"

"அக்கா கையால தின்ன தோசையத் தவிர வேற ஒண்ணுமே தின்னல சார். இத்தன நாளு ஒழுங்காத்தான் இருந்தேன். நான் என்ன தப்பு பண்ணினேன்னே எனக்கு வெளங்கல."

அவர் செய்த தப்பை அவரே தேடிக்கொண்டிருந்தார். நான் சரசக்காவிடம் போய் மைதாவை நிறுத்தச் சொன்னேன். அக்கா, "நேத்தே நிறுத்திப்போட்டனுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. டர்க்கி டவல்

அடுத்த வாரம் சேவியரை என் வண்டியிலேயே கோவைக்கு, குடல் நோய் பார்க்கும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எல்லாரும் என்னை மகாத்மா என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்து, குடலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். முடிவு வந்தபோது டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். திருப்பூர்க்காரர்கள் என்றதும் எங்கள் பாஷையிலேயே பேசினார்.

"டர்க்கி டவல் பாத்திருக்கீங்கல்ல? மேல சின்னச் சின்ன நூல் வளையம் நிக்கும். அதனாலதான் தண்ணிய நல்லா உறிஞ்சுது. நம்ம சிறுகுடலோட உள்பக்கமும் அப்படித்தான். இவருக்குக் கோதுமையில இருக்கற குளூட்டன்கற புரதம் ஒத்துக்கல. அது உள்ள போனா உடம்பே குடலத் தாக்குது. வளையமெல்லாம் உதுந்து, டவலு வெறும் மல்லுத்துணியாயிருச்சு. அப்பறம் சாப்பாடு எப்படிச் சேரும்? இதுக்குச் சீலியாக்னு பேரு. அரிசி திங்கற ஊருங்கறதால இங்க டாக்டருகளே சட்டுன்னு நெனைக்க மாட்டாங்க."

சேவியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வியாதி இருக்கிறது என்று கேட்டு ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்ப மனசு இல்ல சார், வயிறுதான்" என்றார். அந்த வாக்கியம் என்னிடமிருந்து கிளம்பி யூனிட் முழுக்கச் சுற்றி அவர் காதுக்கும் போயிருக்கிறது.

டாக்டர் காகிதங்களை மறுபடி புரட்டினார். "கோதுமைய நிறுத்தி ரொம்ப நாளாச்சுன்னு சொல்றீங்க. ஆனா ரிப்போர்ட்டு அப்படிச் சொல்லலியே. எங்கயோ தெரியாம உள்ள போயிட்டுத்தான் இருக்குது. கேன்டீன்ல ஏதாவது கலக்கறாங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல விசிறி. மெதுவாகச் சுற்றியது.

"அக்கா கலக்க மாட்டாவ டாக்டர்" என்றார் சேவியர், உறுதியாக.

மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது, குடல் ஆறும்வரை பாலும் வேண்டாம், மோர் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். கிளம்பும்போது என்னிடம் தனியாக, "வயித்து வலி எல்லாமே கோதுமைன்னு ஊருல கெளப்பிவிட்டுராதீங்க. ஒருத்தருக்குப் பாலு, ஒருத்தருக்குக் கிருமி, ஒருத்தருக்கு அள்ளிப்போட்டுட்டு ஓடற அவசரம். பாத்துத்தான் சொல்லணும்" என்றார். அவர் பயந்தபடியே நடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பாதி யூனிட்டுக்குக் கோதுமை உப்புமா ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. மீதிப் பாதிக்கு டர்க்கி டவல் தேய்ந்திருந்தது.

5. வேலை அலர்ஜி

சேவியர் அதன்பிறகு கேன்டீனில் கை நனைக்கவில்லை. அவர் மனைவி சோறும் மீன்குழம்பும் கட்டிக் கொடுத்தார். ரசத்துக்குக்கூடப் பூண்டும் மிளகும்தான் தட்டிப் போடுவாராம். அந்த வீட்டில் கோதுமை வாசலோடு நின்றுவிட்டது.

நான் பிராயச்சித்தம் தேடினேன். உண்மையைச் சொல்வது ஒரு பிராயச்சித்தம். அது என் நினைவுக்கு வரவில்லை, மோர்தான் வந்தது. வயிற்றுக்கோளாறு என்றால் நம் ஊரில் யாரும் யோசிக்காமல் சொல்லும் மருந்து, பெருங்காயம் போட்ட மோர். தினமும் காலையில் என் கையாலேயே தயிரைக் கடைந்து, இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, பெருங்காயத்தூளைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஒரு ஸ்பூன் நிறையப் போட்டு, பெரிய பிளாஸ்கில் கொண்டுபோவேன். என் மனைவி, "கட்டுன நாள்ல இருந்து எனக்கொரு டீ வெச்சுக் குடுத்ததில்ல, யாருக்குங்க இந்த அபிஷேகம்?" என்றாள்.

"புண்ணியத்துக்கு" என்றேன்.

சேவியர் இரண்டு கைகளாலும் டம்ளரை வாங்கிக் குடிப்பார். நான் பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்ப்பேன்.

அவருக்குச் சரியாகவில்லை. முதல் சில நாள் தேறினார். பிறகு மறுபடி டோக்கன் கழுத்துக்கு ஏறியது. வேடிக்கை என்னவென்றால் ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். மாரியம்மன் பண்டிகைக்கு யூனிட் லீவு விட்டபோது பளிச்சென்று இருந்தார். வேலைக்கு வந்தால் வயிறு பிரட்டும். முதலாளிக்கு வேறு என்ன வேண்டும்?

"வேலுச்சாமி சார், டாக்டரு தப்பாச் சொல்லிப்போட்டாருங்க. இது கோதுமை அலர்ஜி இல்லீங்க, வேலை அலர்ஜி."

யூனிட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. துப்பறிய ஆரம்பித்தேன். சேவியர் மனைவி வாங்கும் மிளகாய்த்தூளை மாற்றச் சொன்னேன். மேசையில் மார்க்கர் ஒட்டும் மைதாப் பசை கைவழியாக வாய்க்குப் போகிறதோ என்று பசையை மாற்றினேன். கடைசியில் ஞாயிறு பூசையில் வாங்கும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது என்று தெரிந்ததும் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அவரோடு கோயிலுக்கே போய்ப் பங்குச்சாமியாரிடம் பேசினேன். சாமியார் நல்லவர். அப்பத்துக்குப் பதில் பூசையின் திராட்சை ரசம் மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒன்றும் மாறவில்லை. சாமியாரின் கைவரை சந்தேகப்பட்டவன், என் கையைச் சந்தேகப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் இன்னொரு கோட்டுத் துணி, இன்னொரு கோணல். இந்த முறை பாதி லேதான் போனது. முதலாளி கோபப்படக்கூட இல்லை. "திங்கக்கிழமையிலிருந்து மாஸ்டரு பேக்கிங்குங்க. கத்தியக் கீழ வெச்சுரச் சொல்லுங்க" என்றார்.

6. டப்பா

அந்தத் திங்கட்கிழமைக் காலை, பிளாஸ்கோடு அடுப்படியில் நின்றேன். பெருங்காயம் தீர்ந்துவிட்டிருந்தது. மனைவி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "இது எப்ப வாங்குனதுன்னே தெரியலைங்க. தேதி போயிருச்சான்னு பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி தேடினேன். அது பக்கவாட்டில், பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு மேல் வரியில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருந்தது. மைதா. பிசின். பெருங்காயம். இந்த வரிசையில். தீர்ந்துபோன டப்பாவையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதேதான்.

முன்பக்கம் திருப்பினேன். 'கூட்டுப் பெருங்காயம்' என்று தமிழில், தடித்த எழுத்தில், யாரும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். பிளெண்டட் என்று லேபிளே சொல்கிறது. சுத்தப் பெருங்காயத்தின் காரம் தாங்காது என்பதற்காக மாவு சேர்த்துத்தான் விற்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் காம்போசிஷன் லேபிளைக் கொளுத்திப் பார்த்தவன், அன்றுதான் என் வீட்டு அலமாரியில் இருந்த லேபிளைப் படித்தேன். மைதாவை நிறுத்தியதாக நினைத்த நாளிலிருந்து, ஸ்பூன் நிறைய, பாசத்தோடு, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்தில் நின்று, மைதாதான் ஊற்றியிருக்கிறேன். ஆறாத குடலுக்கு இப்போது அடுத்த நாள்வரை பொறுமை இல்லை, குடித்த சில மணி நேரத்திலேயே பிரட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மோர் இல்லை, அதனால் அன்று வயிறும் நன்றாக இருந்தது.

பிளாஸ்கை வைத்துவிட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

டீ நேரம்வரை காத்திருந்தேன். எங்கே தப்பு நடந்ததோ அங்கேயே இந்த அறிக்கையையும் வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. முதலாளியைக் கேன்டீனுக்கு அழைத்து வந்தேன். சேவியர் பேக்கிங்கிலிருந்து வந்து ஓரமாக நின்றார். சட்டை நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. எல்லார் முன்னாலும் டப்பாவைக் காட்டி மோர்க்கதையைச் சொன்னேன். அதன்பிறகு தூக்குப்போசிக் கதையையும் சொன்னேன். "அக்கா மேல தப்பில்லீங்க. வேண்டாம்னு சொன்னாங்க. நான்தான் செய்ய வெச்சேன். முதல்ல போன லே முழுசும் என்னாலதானுங்க. அன்னிக்குக் கவனக்குறைவுன்னு சொன்னது பொய்யி."

முதலாளி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"அட, உங்களுக்குக் குசும்பு ஜாஸ்தீங்க சார்! சரி, மாஸ்டரு, நீங்க மேசைக்கே போயிருங்க."

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. துணி வீணானதற்குச் சேவியர் காரணம் என்றபோது அது கவனக்குறைவு, பேக்கிங். நான் காரணம் என்றபோது அது குசும்பு. தண்டனைக்குத் தயாராகப் போனவனுக்குச் சிரிப்பு கிடைத்தது. அதைவிட அவமானமாக நான் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு சேவியரிடம் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தோசக் கதை எனக்கு அப்பவே தெரியும் சார்."

"எப்பிடி?"

"நாம கோயமுத்தூரு போயிட்டு வந்த மறுநாளே சரசக்கா அழுதுக்கிட்டே சொல்லிட்டாவ."

"தெரிஞ்சுமா எங்கிட்ட மோரு வாங்கிக் குடிச்சீங்க?"

"அதனாலதான் சார் குடிச்சேன். 'மனுசனுக்கு உறுத்துதுங் தம்பி, வாயில வரல, மோரா வருது, வாங்கிக்க'ன்னு அக்கா சொன்னாவ. எனக்கும் மோரு குடிச்சாத்தான் பிரட்டுதோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா நீங்க பக்கத்துல நின்னு பாக்க பார்வையில எப்படி சார் வேண்டாம்னு சொல்லுதது?" சிரித்தார். "ஒங்க பாவத்தையும் சேத்து நான்தான் சார் செமிச்சேன்."

7. கேட்காமல் சாப்பிடுவது

மோர் நின்றதும் சேவியர் தேறினார். சில மாதங்களில் கன்னத்தில் சதை வைத்தது. டோக்கன் ஆணியில் தூசி படிந்தது. அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டேன். கேன்டீனில் அன்றன்று சமைப்பதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு கரும்பலகையில் எழுதிப் போட்டேன். சட்டைக்கு லேபிள் இருக்கும்போது சாப்பாட்டுக்கு இருந்தால் என்ன? "சாம்பாருக்கெல்லாம் காம்போசிஷன் கேக்கறாருங்க" என்று கிண்டல் செய்தார்கள். எழுதிக்கொண்டே இருந்தேன்.

சேவியரைப் பிடித்து வைத்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த தீபாவளியோடு அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகாதீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க மேல கோவம் இல்ல சார். இங்க எல்லாரும் என் வயித்தத்தான் பாக்காவ. புது எடத்துலயாவது கையப் பாக்கட்டுமே."

அவர் கையை முதலில் பார்க்காமல் வயிற்றைப் பார்க்க எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவன் நான்.

பிள்ளைகளே, தொழிலில் எனக்குத் தெரிந்த பாடம் இதுதான். ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால் அதுதான் லேபிள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள். இன்னொன்று, தப்பு செய்தால் முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் செய்கிற உபகாரத்தில் என்ன கலந்திருக்கிறது என்று செய்பவனுக்கே தெரியாது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் சேவியர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் அலமாரியில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆடிட்டுக்கு வந்த பையர் மாதிரி, உரக்கப் படிப்பார். என் மனைவி கைகட்டி நிற்பாள். அது முடிந்த பிறகு தன் மனைவி செய்து கொடுத்த முந்திரிக்கொத்தை எடுப்பார். பாசிப்பயறும் கருப்பட்டியும் உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்தது. முதல் வருடமே நிபந்தனை போட்டுவிட்டார்.

"என்ன போட்டுருக்குன்னு கேக்காமத் திங்கணும் சார். என்னைக்காவது ஒரு வருசம் ரெண்டு கரண்டி ஏதாச்சும் கலந்துருப்பேன். எந்த வருசம்னு சொல்ல மாட்டேன்."

"கலக்கலியே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் சரசக்கா மாதிரி சிரித்தார்.

இதுவரை எல்லா வருடமும் முந்திரிக்கொத்து நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அவர் போன பிறகு மறுநாள் மதியம்வரை வயிற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் தட்டை நீட்டும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஆண்டுக்கு ஒருநாள் எனக்குத் தெரிகிறது.